வலது இமையில் ஒரு கொண்டைக்கடலை

"கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று டாக்டரம்மா சொன்ன நொடியிலிருந்து தங்கபுஷ்பத்துக்குச் சிமிட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஐம்பத்தொரு வருஷத்தில் சிமிட்டுவதைப் பற்றி அவள் ஒரு தடவையாவது யோசித்திருப்பாளா, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, இப்போது பார்த்தால் இரண்டு இமைகளும் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நான் நான் என்று குதிக்கின்றன. முகம் முழுக்கப் பச்சைத் துணி. வலது கண்ணுக்கு நேராக மட்டும் ஒரு ஓட்டை, அது வழியாக மேலே இருந்த விளக்கு வெள்ளை வெளேரென்று ஒரு தோசை மாதிரி தெரிந்தது. தோசை என்று நினைத்ததுதான் தப்பு, வயிறு கூவிவிட்டது, அந்த அமைதியான அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி. "பசிக்குதாம்மா?" என்று தலைமாட்டில் நின்ற ஜெசிந்தா சிஸ்டர் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டப்போய், தலையையும் ஆட்டக்கூடாதே என்று பாதியில் நிறுத்தி, "இல்லம்மா" என்று துணிக்கு அடியிலிருந்து சொன்னாள் தங்கபுஷ்பம். நேற்று ராத்திரி இரண்டு இட்லி தின்றதோடு சரி. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள், ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதான் அறுக்கப்போகிறோம், ஆனால் விஷயம் பெரிதானால் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று. விஷயம் பெரிதானால். அந்த இரண்டு சொல்லை அவள் பதினொரு நாளாக வாயில் போட்ட கொட்டைப்பாக்கு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள், மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. எந்த எறும்பு என்று சொல்லவில்லை. அம்மாடி, இது தேரிக்காட்டுச் செம்மணல் கட்டெறும்பு, அதுவும் குடும்பத்தோடு வந்திருக்கிறது. கால் பெருவிரல் இரண்டும் விறைத்து நின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலிமை கனத்து, வீங்கி, அடுத்த வீட்டுக்காரியுடையதாக ஆகிவிட்டது. கண்ணுக்கும் இமைக்கும் நடுவில் குளிர்ந்த தகடு ஒன்றைச் செருகினார்கள், விளக்கு அணைந்த மாதிரி ஆனது. சிமிட்டும் ஆசையும் அதோடு போயிற்று. நல்லவேளை.

முதலில் கடுகுதான். நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் முகம் கழுவும்போது விரலுக்குத் தட்டுப்பட்டது, மேலிமையின் நடுவில், தோலுக்கு அடியில், கடுகளவு. கண்கட்டி என்று நினைத்து நாமக்கட்டியை உரசிப் போட்டாள். கடுகு மிளகானது. வலி இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை, அது ஒன்றும் கேட்கவில்லை, இவளும் ஒன்றும் கொடுக்கவில்லை, வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஊர்க் கண் டாக்டர் பார்த்துவிட்டு உள்பக்கமாகக் கீறிச் சுரண்டிவிட்டார், எட்டு மாசத்தில் திரும்ப வந்தது, திரும்பவும் சுரண்டினார், திரும்பவும் வந்தது, இந்தத் தடவை கொண்டைக்கடலையாக. அதன் கனத்தில் இமை பாதிக்கு இறங்கிவிட்டது. அதுவும் சாயங்காலம் ஆக ஆக, களைப்பு ஏற ஏற, கடைக்காரன் ஷட்டரை இறக்குவது மாதிரி இறங்கும். தங்கபுஷ்பம் திசையன்விளைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பி.டி. டீச்சருக்குக் குரலும் கண்ணும்தான் சொத்து. மைதானத்துக்கு அந்தக் கடைசியில் நின்று ஒருத்தியைப் பார்த்தால் இந்தக் கடைசியில் இருக்கிறவளும் சேர்ந்து நிமிர வேண்டும். அந்தக் கண் இப்போது என்ன செய்கிறதென்றால், "டீச்சர், வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கேட்கிற பிள்ளைக்கு, இவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே, போ போ என்று சம்மதம் சொல்லிவிடுகிறது. பத்தாம் வகுப்பே ஒரு நாள் கிளம்பிப் போய்விட்டது. கேட்டால், "டீச்சர் கண்ணைக் காட்டுனாவல்லா" என்கிறார்கள். அதையாவது சிரித்து விட்டுவிடலாம். ஆறுமுகநேரியில் நடந்ததை விட முடியவில்லை. மகளிர் கபடி இறுதி ஆட்டம், அவள் நடுவர், இருபத்திரண்டு வருஷமாக அவள் ஊதின விசிலுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசினது கிடையாது. தோற்ற அணியின் பயிற்சியாளர் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார், நடுவரம்மா எதிரணிக் கேப்டனைப் பார்த்து மூன்று முறை கண்ணடித்தார் என்று. மூன்று முறையாம், எண்ணியிருக்கிறார் மனிதர். கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கண்ணையே பார்த்தார்கள். "டீச்சர், ஒருக்கா சாதாரணமாப் பாருங்க" என்றார் ஒருவர். "சாதாரணமாத்தான் பாக்கேன்" என்றாள். அந்த நேரம் பார்த்து இமை மெல்ல இறங்கியது. மூன்று பேரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதிலிருந்து அவளுக்கு ஸ்கோர் மேஜைதான். நடுவர் சட்டை பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும், வலிக்காது" என்கிறார் டாக்டர். இழுக்கிறது. துணி தைக்கிறவர் மடிப்பைப் பிரிப்பது மாதிரி எதுவோ இமை மடிப்பின் ஓரமாகவே நகர்ந்து போகிறது, ஆனால் வலி இல்லை, யாருக்கோ நடக்கிறது. இந்த அம்மாளின் கை நல்ல கை. பதினொரு நாளுக்கு முந்தி இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாள் பரிசோதித்தபோதே தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. மற்ற டாக்டர்கள் விளக்கை அடித்துப் பார்த்தார்கள். இவர் விளக்கை அணைத்துவிட்டு, தன் கண்களையும் மூடிக்கொண்டு, இமையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, புளியில் கொட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது மாதிரி ரொம்ப நேரம் தடவினார். "தோலோட ஒட்டல. உருண்டு போகுது. கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. கண்கட்டின்னா இப்படி இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியில் இமைமுடியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "முடி ஒண்ணுகூட உதிரல. அது நல்ல சேதி. ஆனா ரெண்டு தடவை சுரண்டியும் திரும்ப வந்திருக்கு பாருங்க, அது எனக்குப் பிடிக்கல." பக்கத்தில் நின்ற சுயம்புலிங்கம், அவள் புருஷன், "அப்படின்னா என்னம்மா?" என்றார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இமையில் பல மாதிரிக் கட்டி வரும் சார். முக்கால்வாசி சாதுவானது. ஆனா கண்கட்டி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு ஒரு கெட்டது வரும். அதுவும் இப்படித்தான் எடுக்க எடுக்கத் திரும்ப வரும். இது அது இல்லைன்னுதான் என் விரல் சொல்லுது. விரலை நம்பி நான் எழுதித் தர முடியாது. எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாக்கணும்." சுயம்புலிங்கம் மின்வாரியத்தில் லைன்மேன், மழைக்காலத்தில் கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு பீடி கேட்கிற ஆள். அவர் போய் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அந்த நோயின் பெயரை டாக்டர் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை, திரும்பி வந்த பஸ்ஸில் மூன்றரை மணி நேரமும் அவரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, சொல் வந்துவிட்டது. புற்று. பள்ளிக்கூட மைதானத்தில் நீளம் தாண்டுகிற குழிக்குப் பின்னால் ஒரு புற்று இருக்கிறது, இடுப்பு உயரம், செம்மண், வெள்ளிக்கிழமைகளில் யாராவது வந்து மஞ்சள் தூவிவிட்டுப் போவார்கள். எறிபந்து அங்கே உருண்டு போனால் எந்தப் பிள்ளையும் எடுக்கப் போகாது, டீச்சர்தான் போக வேண்டும். அவள் போவாள், எத்தனையோ தடவை போயிருக்கிறாள், ஓட்டைக்குப் பக்கத்திலேயே கையை நீட்டி எடுத்திருக்கிறாள், உள்ளே எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்தப் பதினொரு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. பந்து போனபோது, இன்னொரு பந்தை எடுங்கட்டி என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என்ன பைத்தியக்காரத்தனம், அந்தப் புற்றுக்கும் இந்தப் புற்றுக்கும் என்ன சம்பந்தம், எவன் வைத்தான் இரண்டுக்கும் ஒரே பெயர், வேறு பெயரா கிடைக்கவில்லை, தமிழில் சொல்லுக்கா பஞ்சம். பள்ளிக்கூடத் தமிழம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். கேட்க வேண்டாம்.

ஏதோ கருகுகிறது. முடி கருகுகிற வாசனை. "என்னம்மா அது?" என்றாள். "உங்க ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கிறோம், பயப்படாதீங்க" என்றாள் ஜெசிந்தா. பயப்படவில்லை, ஆனால் தான் கருகுகிற வாசனையைத் தானே மோப்பம் பிடித்துக்கொண்டு படுத்திருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும். ஆட்டுத்தலையை வாட்டுகிற கடை மாதிரி. மறுபடியும் வயிறு கூவியது. ஜெசிந்தாவும் டாக்டரும் இவள் முகத்துக்கு மேலே வைத்து வேறு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவின் ஸ்கூட்டி ஏற்றத்தில் ஏற மாட்டேன் என்கிறதாம், மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்கிறானாம். "ஆளை மாத்து" என்றார் டாக்டர். "மெக்கானிக்கையா, வண்டியையா மேடம்?" "ரெண்டையும்." இந்தப் பேச்சு தங்கபுஷ்பத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்கூட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே அறுக்கிறார்கள் என்றால் விஷயம் பெரிதில்லை. பெரிதாக இருந்தால் பேச்சு நின்றுபோகும். அப்படி அவள் நினைத்த அடுத்த நொடி பேச்சு நின்றுபோனது. கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது, இவ்வளவு நேரமும் கடிகாரம் இருந்ததா இந்த அறையில். "ஒரு எடத்துல ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர் மெதுவாக, ஜெசிந்தாவிடம். எதோடு ஒட்டியிருக்கிறது. ஏன் ஒட்ட வேண்டும், உருண்டு போகிறது என்றுதானே அன்றைக்குச் சொன்னார், தன் விரல் சொல்வதாகத்தானே சொன்னார். ஒட்டினால் கெட்டதா. சாதுவானது ஒட்டாதா. கேட்கலாம், வாயை யாரும் கட்டவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. கைகளை அவள் தொடையோடு சேர்த்துவைத்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மூன்றாம் விரலில் டாக்டரே சொன்னார், "டீச்சர், முன்னாடி சுரண்டின தழும்பு. அதோடதான் ஒட்டியிருக்கு. அவசரப்பட்டா பை உடைஞ்சிரும், உடைஞ்சா ஒரு துணுக்கு உள்ள தங்கி மறுபடி முளைக்கும். அதனால ஆமை மாதிரி போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க." ஆமை மாதிரி போங்க தாயீ, நத்தை மாதிரி போங்க, நான் எங்கே போகப்போகிறேன்.

கிண்ணத்தில் டக்கென்று விழுந்த சத்தத்தை அவள் கேட்டாள். கல் விழுந்த சத்தம். நாலு வருஷம் தன் கண்ணுக்கு மேல் குடியிருந்தது இவ்வளவு கெட்டியான ஆளா. "முழுசா வந்திருச்சு, பை உடையல" என்றார் டாக்டர், குரலில் பரீட்சை எழுதி முடித்த சந்தோஷம். "சிஸ்டர், கோபாலரத்தினம் சார்கிட்ட உடனே குடுத்து அனுப்புங்க. டீச்சர், பக்கத்து ரூம்ல அதை உறைய வச்சு, மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்பில் பாப்பாங்க. இருபது நிமிஷம் ஆகும். அவர் சொல்றதை வச்சுத்தான் அப்படியே தைக்கிறதா, வேற வேலை இருக்கான்னு முடிவு பண்ணணும்." வேறு வேலை. அதற்கும்தான் காலையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்களே, இரண்டு தாள், ஒன்று சின்னதுக்கு, ஒன்று பெரிதுக்கு. பெரிது என்றால் மேலிமையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, கீழிமையிலிருந்து சதையை மேலே இழுத்துத் தைப்பார்கள். ஆறு வாரம் அந்தக் கண் தைத்தபடியே மூடியிருக்கும், பிறகு வெட்டித் திறப்பார்கள். அதைக் கேட்டபோது சுயம்புலிங்கம் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவள் கையெழுத்து கட்டத்துக்குள் நேராக உட்கார்ந்தது. அவருடைய சாட்சிக் கையெழுத்தில்தான் லிங்கத்தின் ங் பறந்து போய்க் கட்டத்துக்கு வெளியே விழுந்தது.

இருபது நிமிஷம். ஆண்கள் கபடி ஆட்டத்தில் ஒரு பாதி. பெண்களுக்குப் பதினைந்துதான், அதை வைத்திருக்கக்கூடாதா. ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி, ஆக நாற்பது ரெய்டு. சரி, நாற்பது பேர் போய்விட்டு வரட்டும். அவள் மனசுக்குள் கோடு போட்டாள், சுண்ணாம்புக் கோடு, நேர்க்கோடு, அவள் போடுகிற கோடு கயிறு கட்டின மாதிரி இருக்கும். முதல் பிள்ளை கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனாள். தொட்டாளா, தொடவில்லை, திரும்பிவிட்டாள். இரண்டாவது பிள்ளை. மூன்றாவது பிள்ளை போகும்போது பக்கத்து அறையில் என்ன செய்வார்கள் என்ற நினைப்பு குறுக்கே ஓடியது. உறைய வைப்பார்களாம், ஐஸ்பெட்டியிலா, குழந்தைகள் தின்கிற குச்சி ஐஸ் மாதிரியா, பிறகு சீவுவார்களாம், மஸ்கோத் அல்வாவைச் சீவுகிற மாதிரியா, முதலூரில் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாங்குவோமே, சிவப்பாய், கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். தன் துண்டு ஒன்றை இப்போது யாரோ வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பக்கம் பார்க்கிறார். என்ன தெரியும் அந்தப் பக்கம். ஆறு வாரம் மூடினால் ஆடிமாசம் ஆகிவிடும், ஒற்றைக் கண்ணோடு விளையாட்டு விழா நடத்தலாம், முடியாதா என்ன, கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாம், பிள்ளைகள் பின்னால் நின்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரிது என்பது கண்ணோடு நிற்குமா. அங்கிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து. இல்லை. எத்தனையாவது ரெய்டு? எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்தும் எண்ணத் தெரியவில்லை பார். மறுபடி முதலிலிருந்து. சுயம்புலிங்கம் வெளியே என்ன செய்வார். பதினொரு நாளாக மனிதர் தூங்கவில்லை, புரண்டு புரண்டு படுப்பார், "தூங்கலையா?" என்றால் கொசு என்பார். கொசு கடித்ததை இவள் பார்க்கவில்லை. தனக்கு எதாவது ஆகிவிட்டால் அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, குக்கரில் எத்தனை விசில் என்று இன்னும் போன் போட்டுத்தான் கேட்கிறார், ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவர், மிக்ஸியில் எந்த ஜாரை எங்கே மாட்டுவது என்று கேட்கிறவர். இந்த மனிதரை விட்டுவிட்டுச் செத்துப்போக முடியாது, அது நடக்காத காரியம், குக்கருக்காகவாவது இருந்தாக வேண்டும். இதை நினைத்ததும் துணிக்கு அடியில் சிரிப்பு வந்தது. கூடவே இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போய்விட்டது. காதுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டியது. "சிஸ்டர், காதைத் துடைச்சு விடுதியளா?" என்று கேட்டாள். ஜெசிந்தா துணிக்கு அடியில் கையை விட்டுப் பஞ்சால் துடைத்தாள், துடைத்துவிட்டு அந்தக் கையை எடுக்காமல் கன்னத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கையுறை குளிர்ந்திருந்தது. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் ரெய்டு போகவில்லை.

கதவு தள்ளப்பட்ட சத்தம். யாரோ வேகமாக வருகிற செருப்புச் சத்தம். போன் போட்டுச் சொல்வார்கள் என்றுதான் ஜெசிந்தா சொல்லியிருந்தாள், ஆளே வருகிறார், ஆள் ஏன் நேரில் வர வேண்டும். தங்கபுஷ்பத்துக்குக் கால் விரல் பத்தும் மரத்துப்போயின, அவற்றுக்கு யாரும் ஊசி போடவில்லை. "மேடம்!" என்று ஓர் ஆண்குரல், மூச்சு வாங்க, கிழவரின் குரல், ஆனால் குதிக்கிற குரல். "மேடம், நீங்க நம்ப மாட்டீங்க. குருத்தெலும்பு!" "என்னது?" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. "குருத்தெலும்பு மேடம்! காதுல இருக்குமே, அது! இமைக்குள்ள உக்காந்திருக்கு! சுத்தி அழகா வியர்வைச் சுரப்பிக் குழாய், நடுவுல பளபளன்னு குருத்தெலும்பு. வியர்வைச் சுரப்பியிலேருந்து முளைச்ச கலப்புக் கட்டி. என் முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல இமையில இதோட நாலாவதுதான் பாக்கேன். என்ன ஒரு சாம்பிள்! போன்ல சொல்ல மனசு வரல, ஓடியாந்துட்டேன்." காது இமைக்குள் முளைத்திருக்கிறதா. தங்கபுஷ்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மனிதர் சந்தோஷப்படுவது கட்டிக்காகவா தனக்காகவா என்பதும் புரியவில்லை. பச்சைத் துணிக்கு அடியிலிருந்து, மைதானத்தில் அந்தக் கடைசிக்குக் கேட்கிற தன் குரலில் கேட்டாள். "சார், அது நல்லதா, கெட்டதா?" "பேஷண்ட் முழிச்சிருக்காங்களா?" என்றார் கோபாலரத்தினம், ஒரேயடியாகத் தாழ்ந்த குரலில். "ஆமா சார், முழிச்சுத்தான் இருக்காங்க" என்றார் டாக்டர். செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது. "மன்னிச்சுக்கோம்மா. அதைத்தான் நான் முதல்ல சொல்லியிருக்கணும். நல்லது. ரொம்ப நல்லது. சாதுவானது. புற்று இல்லை." அந்தச் சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இல்லை என்பதோடு சேர்த்து. பதினொரு நாளில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வயிற்றில் கிளம்பியது, வெறும் வயிறு, அடக்க அங்கே ஒன்றும் இல்லை, மேலே ஏறி நெஞ்சைக் குலுக்கி, பச்சைத் துணியை ஊதி எழுப்பியது. குருத்தெலும்பாம். மாவட்டமே கண்ணடிக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தது ஒரு குருத்தெலும்பைப் பார்த்தா. "டீச்சர், சிரிக்காதீங்க, தையல் போடணும், தலை ஆடுது" என்றார் டாக்டர், அவர் குரலும் ஆடியது. "பாக்கேன் டாக்டர், நிறுத்தத்தான் பாக்கேன்" என்றாள், நிற்கவில்லை. ஜெசிந்தா தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையும் குலுங்கியது. கோபாலரத்தினம் மட்டும் சிரிக்காமல் காத்திருந்து, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார், "அம்மா, ஒரு அனுமதி வேணும். இந்தக் கட்டியோட சிலைடை இங்க படிக்கிற டாக்டர் பிள்ளைங்களுக்குக் காட்டலாமா? பேர் போட மாட்டோம்." "பேரு போடுங்க சார்" என்றாள் தங்கபுஷ்பம். "அதெல்லாம் விதிப்படி கூடாதும்மா. வயசும் பெண்ணுன்னும் மட்டும்தான் போடலாம்." "சரி, போட்டுக்காட்டுங்க. ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்க, கண்கட்டின்னு சுரண்டிறாம." டாக்டர் மெஹருன்னிசா தைக்க ஆரம்பித்திருந்தார். நூல் போய்வருகிற மெல்லிய இழுப்பு. "முழு ரிப்போர்ட் ஒரு வாரத்துல வரும், அது வந்தாத்தான் நான் எழுத்துல தருவேன்" என்றார். "ஆனா சாரோட ஓட்டத்தைப் பாத்தீங்கல்ல, எனக்குச் சந்தேகம் இல்ல. பை முழுசா வந்ததால திரும்ப வர்றதுக்கும் அனேகமா வாய்ப்பு இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க." வருவேன் தாயீ. எப்போது வேண்டுமானாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

தைத்து முடித்து, துணியை எடுத்து, முதுகுக்குக் கை கொடுத்து அவளை உட்காரவைத்தார்கள். முகமெல்லாம் மருந்தின் பழுப்புச் சாயம், தலையில் பிளாஸ்டிக் தொப்பி. "ரெண்டு கண்ணையும் திறங்க" என்றார் டாக்டர், எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு. திறந்தாள். வலது இமை வீங்கிக் கனமாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்தது. எழுந்து, இடது இமை நின்ற உயரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. டாக்டர் சின்ன அளவுகோலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "வீக்கம் வடிஞ்சா இன்னும் ஒரு மில்லி ஏறும். மேல பாருங்க. கீழ பாருங்க. மூடுங்க." மூடியது. முதல் தடவையாக அவள் அந்த அறையில் டாக்டரைத் தவிர மற்றவர்களையும் முகத்தோடு பார்த்தாள். இவ்வளவு நேரம் ஜெசிந்தாவை அவள் உயரமான, சிவந்த பெண்ணாக நினைத்து வைத்திருந்தாள், பார்த்தால் குள்ளமாக, கறுப்பாக, மூக்கில் மச்சத்தோடு ஒரு சிறு பெண். கோபாலரத்தினம் வாசலிலேயே நின்றிருந்தார், வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூன்று பேனா, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம். அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவரும் அவசரமாகக் கும்பிட்டார்.

கண்ணை மூடிப் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டி, சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பகல் பன்னிரண்டரை மணி வெயில் தாழ்வாரத்தில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. எப்படிச் சொல்லலாம் என்று அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். முதலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பயங்காட்டலாமா, வேண்டாம், ஏற்கெனவே பாதி உயிர்தான் இருக்கும். குருத்தெலும்பு என்று தொடங்கினால் அவருக்கும் இவளைப் போலவே புரியாது. புற்று இல்லை என்றுதான் தொடங்க வேண்டும், அந்தக் கிழவர் சொன்ன மாதிரி. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசி நாற்காலியில் சுயம்புலிங்கம் இருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார். தலை பின்னால் சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, மடியில் அவள் கைப்பையைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மெல்லிய குறட்டையோடு. ஜெசிந்தா அவர் தோளைத் தொடப்போனாள். "எழுப்பாதீங்கம்மா" என்று தங்கபுஷ்பம் ரகசியமாகச் சொன்னாள். "பதினோரு நாளாச்சு அவுக தூங்கி." பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். ஜெசிந்தா ஒரு டம்ளரில் பாலும் இரண்டு ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றாள், இப்படி ஒரு ருசியா ரொட்டிக்கு. எதிர்ச்சுவரில் கடிகாரம் ஓடியது, யாரும் எதையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. இமையில் மரப்பு குறைந்து லேசாக வலி தொடங்கியிருந்தது, தன் இமை, தன் வலி, அடுத்த வீட்டுக்காரியுடையது இல்லை. இந்த நல்ல சேதி இந்த நிமிஷம் அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, இந்த வரிசையில் வேறு யாரிடமும் இல்லை, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். குறட்டை ஒரு தடவை தடுக்கி நின்று, அவர் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். இவள் முகத்தையும் பழுப்புச் சாயத்தையும் பிளாஸ்திரியையும் பார்த்து, பையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "முடிஞ்சிட்டா? எப்ப வந்த? என்ன சொன்னாவ?" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார். அவள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஒண்ணுமில்லங்க" என்றாள். "ஒண்ணுமே இல்லையாம்."